சந்தானம் சாரின் கண்ணாடியில் ஒரு ஸ்பெல்

என் விசாவில் 'ஹெல்பர்' என்று எழுதியிருந்தது. நான் பார்த்த வேலை யார்க்கர் போடுவது.

இந்த மாதம் புதிதாக வந்து இறங்கியிருக்கிற தம்பிகளே, உங்கள் விசாக்களில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் பாய், வெல்டர், ஒருவருக்குத் தோட்டக்காரர். ஆனால் உங்களை ஏன் எடுத்தார்கள் என்பது ஷார்ஜா தொழில்பேட்டை முழுவதற்கும் தெரியும். கம்பெனி டீமுக்கு ஆள் வேண்டும். உங்களுக்கு வேலை வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படி வந்தவன்தான். முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு, இப்போது ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். பந்து போடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. என்னைவிட நன்றாகப் போடுகிறீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எட்டு வருடம் ஆகிறது. சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பயம் வரும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கொஞ்சம்.

அலுமினிய ஜன்னல் செய்யும் கம்பெனி. வாரத்தில் ஆறு நாள் பிரேம் தூக்குவோம். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸின் தலையில் பச்சைப் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். காலையில் அஜ்மானில் ஒரு மேட்ச், மத்தியானம் உம்முல் குவைனில் ஒன்று, வெயில் தாழ்ந்ததும் சோனாப்பூரில் ஏதோ ஒரு தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் மூன்றாவது. மணலில் பாயை விரிப்போம், நான்கு பக்கமும் செங்கல் வைப்போம், டென்னிஸ் பந்தில் மின்சார டேப் சுற்றுவோம். அவ்வளவுதான் மைதானம். இன்று அந்த இடங்களில் எல்லாம் கட்டிடங்கள் நிற்கின்றன. சிலவற்றுக்கு எங்கள் கம்பெனிதான் ஜன்னல் போட்டது.

மொத்தம் எத்தனை விக்கெட் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். எழுதி வைத்தவர் யாருமில்லை. சிமெண்ட் அட்டையில் பென்சிலால் ரன் குறிப்போம், ஆட்டம் முடிந்ததும் அதே அட்டையில் பிரியாணி வைத்துச் சாப்பிடுவோம். புல்தரை மைதானம் ஒன்று நகரத்துக்கு வெளியே இருந்தது. அங்கே நடந்தது ஸ்டாஃப் லீக். மேசையும் நாற்காலியும் உள்ள ஆட்கள் மட்டும்தான் ஆடலாம். லேபர் கிரேடு ஆட்கள் கூடாது. எங்கள் கம்பெனி ஸ்டாஃப் டீமின் ஆட்டங்களுக்கு நாங்கள் போயிருக்கிறோம், ஐஸ் பெட்டி தூக்க.

இப்போது என் மகள். இலக்கியா அப்போது ஊரில், நாங்குநேரிப் பக்கம், அவள் அம்மாவோடு இருந்தாள். மூன்று வயது. நான் அவளைக் கையில் தூக்கியது நாற்பது நாள் லீவில் மட்டும். அவளுக்குக் காய்ச்சல் ஏறினால் ஜன்னி வந்துவிடும். கண் மேலே செருகி, உடம்பு வெட்டி இழுக்கும். ஒரு நாள் அப்படி வந்தபோது என் மனைவி செல்வி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ கிடைக்காமல், மெயின் ரோடு வரை ஓடியிருக்கிறாள். எனக்குச் சொன்னது மறுநாள். நான் ஸ்டோரில் திருகாணி எடை போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள், பின்னால் அவள் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, நேரமில்லாத நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் என் விரல் பச்சைப் பொத்தானைத் தவறவிடும்.

அவர்களை இங்கே கூட்டிவர வேண்டும். ஹெல்பருக்குக் குடும்ப விசா கிடையாது. ஸ்டாஃப் கிரேடு வேண்டும். ஸ்டோர் இன்சார்ஜ் இடம் ஆறு மாதமாகக் காலி. நான் டிப்ளமோ படித்தவன், அந்த வேலையைத்தான் அப்போதே செய்துகொண்டிருந்தேன். மேனேஜரிடம் கேட்கும்போதெல்லாம், "இன்ஷா அல்லா, பார்க்கலாம்" என்பார். அவர் மும்பைக்காரர், இந்து. இல்லை என்று சொல்வதற்கு அவருக்கு இருந்த நல்ல வழி அது.

ஸ்டாஃப் லீக் இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்டாஃப் டீமின் வேகப்பந்து வீச்சாளர், சேல்ஸில் இருந்தவர், லீவுக்குக் கட்டிய பெட்டியை எடை மெஷினில் தூக்கி வைக்கும்போது முதுகு பிடித்துப் படுத்துவிட்டார்.

"முத்து, நாளைக்கு நீ ஆடுறே," என்றார் மேனேஜர் இந்தியில்.

"சார், நான் லேபர் கிரேடு."

"நாளைக்கு நீ சந்தானம். அக்கவுண்டன்ட். அவர் பேரும் லிஸ்ட்ல இருக்கு, ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை. கப்பைக் கொண்டு வா, சனிக்கிழமை உன் ஸ்டாஃப் லெட்டர்ல கையெழுத்து. கலாஸ், அவ்வளவுதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்தவன் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போவது இந்த நாட்டில் விளையாட்டில்லை. சனிக்கிழமை என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

சந்தானம் சார் மாம்பலத்துக்காரர். நல்ல மனிதர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அட்டையில் இருந்த படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வழுக்கையைத் தொப்பி மறைத்துவிடும். ஆனால் முகத்தில் பாதி கண்ணாடி.

"கண்ணாடி போட்டுக்கோப்பா, வேற வழியில்ல," என்றார் தன் கண்ணாடியைக் கழற்றியபடி. "ஆனா அது மைனஸ் ஏழு. தலை சுத்தும்."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க?"

"நான் வந்து உட்காந்து கேட்டுக்கறேன். பக்கத்துல யாராவது சொல்ல மாட்டாங்களா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டம். ஜும்மா தொழுகைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். கைதட்ட ஆள் வேண்டுமென்று மேனேஜர் கேம்ப்பிலிருந்து மூன்று பஸ் நிறைய ஆட்களை இறக்கியிருந்தார். பஸ்ஸில் வரும்போதே சூப்பர்வைசர் அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். இன்று இவர் முத்து இல்லை. சந்தானம். யாராவது முத்து என்று கத்தினால் திரும்பிப் போக பஸ் கிடையாது.

அட்டை பார்த்தது தலைமை நடுவர். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒரு பார்வை. அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அவர் இரண்டு பேராகத் தெரிந்தார். எந்த நடுவரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் நடுவில் பார்த்துச் சிரித்தேன். "சரி, போம்," என்றார்.

முதலில் நாங்கள் ஆடி நூற்று நாற்பது சொச்சம் எடுத்தோம். பிறகு என் பந்து. கண்ணாடியோடு ஓடினேன். தரை ஒரு அடி கீழே இருந்தது. முதல் பந்து இரண்டாவது ஸ்லிப்பில் நின்றவரின் வயிற்றுக்குப் போனது. இரண்டாவது பந்துக்கு லெக் அம்பயர் தாவிக் குதித்தார். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. ஓட ஆரம்பிக்கும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவேன், பந்து போடுவேன், திரும்பி நடக்கும்போது மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டு நடந்ததில் இரண்டு முறை மிட்-ஆனில் நின்றவர் மீது மோதினேன்.

ஆனால் பந்து! தம்பிகளே, உங்களுக்குப் புல்தரை பழகிவிட்டது, அதனால் தெரியாது. பத்து வருடம் மணலில் ஓடியவனுக்குப் புல்தரையில் ஓடுவது என்பது யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது மாதிரி. கால் புதையவே இல்லை. தோல் பந்து கையைவிட்டுப் போகும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூன்று ஓவரில் மூன்று விக்கெட். மூன்றாவது விக்கெட்டுக்கு ஸ்டம்ப் வேரோடு பிடுங்கிக்கொண்டு விக்கெட் கீப்பரைத் தாண்டி விழுந்தது.

நான் செய்த தவறு அதுதான். அடுத்தவர் பெயரில் ஆடப் போனவன் சுமாராக ஆட வேண்டும். நான் என் பெயரில் ஆடுகிற மாதிரி ஆடிவிட்டேன்.

மூன்று பஸ் ஆட்களும் எழுந்து நின்று ஒரே குரலில் கத்தினார்கள்: "முத்தண்ணே!"

சூப்பர்வைசர் கையை வீசிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். உடனே கொஞ்சம் பேர், "சந்தானம் அண்ணே!" என்று மாற்றிக் கத்தினார்கள். யாரோ ஒருவன் இரண்டையும் சேர்த்து, "சந்தான முத்தண்ணே!" என்றான். மைக்கில் ஆங்கிலத்தில், "விக்கெட் டு மிஸ்டர் சந்தானம், வெல் டன் மிஸ்டர் சந்தானம்" என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் கண்ணாடி இல்லாத சந்தானம் சார், தன்னைத்தான் ஏதோ வேலையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, படிகளைத் தடவித் தடவி இறங்கி, எல்லைக்கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

"என்னைக் கூப்பிட்டேளா?" என்று ஐஸ் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

அவரை எல்லைக்கோட்டுக்குத் திருப்பி அனுப்பி, இன்னொரு ஓவரும் முடிந்து, கடைசி ஓவர் என் கைக்கு வந்தது. எதிரணிக்குப் பதினோரு ரன் வேண்டும். மட்டையோடு நின்றது அவர்கள் கேப்டன். பஞ்சாபி, கட்டிட இன்ஜினியர், நல்ல உயரம். நான் ஓடத் தயாரானேன், கண்ணாடியைக் கழற்றினேன். அவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

"பாய் சாப், ஒரு சந்தேகம்," என்றார் இந்தியில். "எங்க அப்பாவும் கண்ணாடி போடுவார். தூங்கப் போகும்போது கழட்டுவார், பார்க்கும்போது மாட்டுவார். நீங்க பார்க்கும்போது கழட்டுறீங்க. இது என்ன கண்ணாடி?"

நடுவர் வந்து என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ! கிணத்துக்கை நிண்டு பாக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார். கழற்றினார். எல்லைக்கோட்டருகே தடுமாறிக்கொண்டிருந்த சந்தானம் சாரைப் பார்த்தார். அட்டையில் இருந்த முகத்தை அந்த முகத்தோடு ஒப்பிட அவருக்கு நேரம் ஆகவில்லை. "தம்பி, உம்மட பேர் என்ன?"

பந்து போடுவதற்கு எனக்கு எப்போதும் பதினாறு தப்படி ஓட்டம். பதில் சொல்வதற்கு ஓட்டமே இல்லை. சந்தானம் என்றால், உண்மையான சந்தானம் சார் அட்டையைக் கடன் கொடுத்ததற்காக மாட்டுவார். அவருக்கு இங்கே பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பேசாமல் நின்றாலும் அதேதான்.

"இசக்கிமுத்து சார். அவர் மேல தப்பில்ல. அட்டையக் கேட்டு வாங்கினது நான்."

"சரி. பேர் பிழையா எழுதுப்பட்டிட்டுது எண்டு எடுக்கலாம், மற்ற கேப்டனுக்குச் சம்மதமெண்டா." நடுவர் கேப்டனைப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்," என்றார் கேப்டன். "மூணு பஸ் ஆளுங்க பார்க்கிறாங்க. காகிதத்தால ஜெயிச்சேன்னு நாளைக்கு என் சைட்ல எவனும் சொல்லக் கூடாது. நான் இவனை அடிச்சு ஜெயிக்கணும்."

"ஆனா ஸ்டாஃப் எண்டுறதில விட்டுக்குடுக்கேலாது. லேபர் கிரேடு எண்டா ஆட்டம் இதோடை முடிஞ்சுது, கப் அவைக்கு. சொல்லும், உம்மட வேலை என்ன?"

'ஹெல்பர்' என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அதைச் சொன்னால் கப் போச்சு. சனிக்கிழமை போச்சு. செல்வி மறுபடியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். 'ஸ்டோர் இன்சார்ஜ்' என்றால் அது பொய், அதற்கு மாட்டுகிறவன் நான். அந்த வினாடியில் எனக்கு ஒன்று தோன்றியது. என் பெயர் எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். என் கிரேடு என்ன என்பதை ஆறு மாதமாக நான் வேறொருவரிடம் கேட்டுக்கொண்டல்லவா இருக்கிறேன்?

"அதோ எங்க மேனேஜர் நிக்காரு சார்," என்றேன். "நேத்து வரைக்கும் என்னன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு என்னன்னு அவர்கிட்டத்தான் கேக்கணும்."

நடுவர் மேனேஜரைக் கையசைத்துக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கப்பைத் தூக்கிப் படம் எடுப்பதற்காக வெட்டிக்கொண்ட முடி. கேள்வி ஆங்கிலத்தில் கேட்கப்பட்டது. என்ன நடக்கிறது என்பது மூன்று பஸ்ஸுக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. மேனேஜர் கப் வைத்திருந்த மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கப்பைப் பார்த்தார்.

"ஸ்டாஃப்," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்கோ, மேசையில இருக்கிறவை எழுத வேணும்."

"ஸ்டாஃப்! ஸ்டோர் இன்சார்ஜ்!"

மூன்று பஸ் ஆட்களும் போட்ட கூச்சலில் பக்கத்துப் பேரீச்ச மரத்திலிருந்து அத்தனை குருவிகளும் பறந்தன. அதுவரை அழுத்தி வைத்திருந்த 'முத்தண்ணே' எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

"கடிதம் இருக்கோ?" என்றார் நடுவர்.

"ஆபீஸ்ல இருக்கு."

"வாயாலை சொன்னாக் காணாது. இப்ப எழுதித் தாங்கோ. ஜும்மாவுக்கு நேரமாகுது."

இந்த ஊரில் காகிதத்துக்கு உயிர் கையெழுத்தில் இல்லை, கம்பெனி ஸ்டாம்ப்பில் இருக்கிறது என்பதைப் போகப்போக நீங்களும் பார்ப்பீர்கள். ஸ்டாம்ப்பை எந்த மேனேஜரும் ஆபீஸில் விட்டுவைக்க மாட்டார். அது காரில், இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில், பைக்குள் இருக்கும். மேனேஜர் காருக்கு நடந்து போனார். நாங்கள் இருபத்திரண்டு பேர், இரண்டு நடுவர்கள், எல்லோரும் வெயிலில் நின்று அவரையே பார்த்தோம். ஸ்கோர் தாளின் பின்பக்கத்தில், கார் பானெட்டின் மேல் வைத்து, ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். இந்த ஆளுக்கு இன்ன பெயர், இந்த மாத முதல் தேதியிலிருந்து ஸ்டோர் இன்சார்ஜ், ஸ்டாஃப் கிரேடு. கையெழுத்து. ஸ்டாம்ப் மை காய்ந்திருந்தது. அவர் ஊதினார், நாக்கில் தொட்டார், மறுபடி அழுத்தினார். நீல வட்டம் விழுந்தது.

நடுவர் அதைப் படித்து, மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி. பந்தைப் போடும்."

இனிமேல் நான் சொல்லப்போவதை நம்புங்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று மேனேஜர் கடைசி வரை சொன்னார். சத்தியமாக இல்லை. என் வாழ்க்கையில் மிக நல்ல யார்க்கரைப் போடத்தான் ஓடினேன். ஆனால் பதினாறு தப்படி ஓடுவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே யார்க்கர் போட முடியாது, முயன்று பாருங்கள். கை ஆடியது. பந்து கேப்டனின் இடுப்புக்கு நேராக, தட்டில் வைத்த இட்லி மாதிரிப் போனது. அவர் அதைக் கார் நிறுத்தும் இடத்துக்கு அனுப்பினார். ஆறு. அடுத்தது வைடு. ஏழு. அதற்கடுத்ததைக் கவர் பக்கம் அறைந்தார். நான்கு. பதினொன்று.

முடிந்தது. மீதி நான்கு பந்து யாருக்கும் தேவைப்படவில்லை.

கேப்டன் ஓடிவந்து என்னைத் தூக்கினார். "அரே பாய், நான் உன்னை அடிச்சேன், நீ எதுக்குச் சிரிக்கிறே?" மூன்று பஸ் ஆட்களும் ஜெயித்த டீம் நாங்கள்தான் என்பது போல உள்ளே புகுந்துவிட்டார்கள். மூன்று விக்கெட் எழுதப்பட்ட கணக்குச் சந்தானம் பெயரில் இருந்ததால், சிறந்த பந்துவீச்சாளர் பரிசுக்குச் சந்தானம் சாரைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு எலுமிச்சம்பழம்கூட எறிந்திராத அந்த மனிதர், கோப்பையை வாங்கிக்கொண்டு, மைக் பக்கம் திரும்புவதாக நினைத்து, வெயிலுக்கு விரித்திருந்த குடையைப் பார்த்து நன்றி சொன்னார்.

மேனேஜர் மட்டும் நடுவரிடம் நேராகப் போனார். "அந்தக் காகிதம். தேவையில்லை இல்லையா இப்போது? திருப்பித் தாருங்கள்."

நடுவர் தன் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தேடி வந்து, மடித்த தாளை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"இது உம்மட கடிதம். ஆரிட்டையும் குடுக்காதையும். இண்டைக்கே ஒரு கொப்பி எடும்."

தம்பிகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அடுத்தவர் அட்டையில் ஆடாதீர்கள். அன்று அந்த நடுவருக்குப் பதில் வேறு யாராவது இருந்திருந்தால் நானும் சந்தானம் சாரும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்போம். நான் சொன்ன பயம் அதுதான். கேள்வி கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரிய வேண்டியவர் பக்கத்தில் நின்றால், அவரையே சொல்ல விடுங்கள். நாலு பேர் கேட்கும்படி.

பிரிண்டிங் கடையில் நகல் எடுத்து, அந்தக் கடை வாசலிலேயே நின்று ஊருக்குப் போன் போட்டேன். அங்கே மதியம்.

"என்ன, இந்நேரத்துல?" என்றாள் செல்வி. அவள் குரலிலும் அதே பயம். "ஜெயிச்சிட்டீங்களா?"

"தோத்துட்டோம்."

"பொறவு எதுக்குச் சிரிக்கீங்க?"

"செல்வி, பிள்ளையக் கூட்டிட்டுப் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போ. இன்னைக்கே போ. பாஸ்போர்ட் சைஸ். பின்னால வெள்ளையா இருக்கணும்னு சொல்லு. காது ரெண்டும் தெரியணும்."

அவள் கொலுசு உள்ளறைப் பக்கம் போவது கேட்டது. மின்விசிறிச் சத்தம் பக்கத்தில் வந்தது.

"அவ இப்பதான் தூங்குதா," என்றாள் மெதுவாக.

"எழுப்பு," என்றேன்.